யாரும் கண்டுகொள்ளவில்லை

பால் காய்ச்சுகிறீர்கள். அடுப்பை விட்டு நகர முடியாது. போன் அடித்தால் எடுக்க முடியாது. வாசலில் கீரைக்காரம்மா கூப்பிட்டால் எட்டிப் பார்க்க முடியாது. ஒரு விநாடி கண்ணை எடுத்தால் போதும், அதுவரை சாதுவாக இருந்த பால் பொங்கி வழிந்து பர்னருக்குள் இறங்கிவிடும். நாம் பார்க்காத சமயம் பார்த்துத்தான் பால் பொங்கும். இது அகில உலக விதி.

அதே அடுப்பில் குக்கர் வைக்கிறீர்கள். அரிசியைப் போட்டு, மூடி, வெயிட்டையும் போட்டுவிட்டு ஹாலுக்கு வந்து பேப்பர் படிக்கலாம். விசில் வரும். மூன்றாவது விசிலில் எழுந்துபோய் அணைத்தால் சாதம் தயார்.

கம்ப்யூட்டருக்கும் இந்த இரண்டு வழிகளும் தெரியும். கீபோர்டில் யாராவது தட்டினார்களா, மௌஸ் நகர்ந்ததா, நெட்டில் ஏதாவது வந்ததா என்று ஒவ்வொரு வாசலாகப் போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டே இருப்பது பால் காய்ச்சும் வழி. அப்படி இருந்தால் பிராசஸர் பாவம், வேறு ஒரு வேலையும் பார்க்க முடியாது. எனவே பெரும்பாலும் குக்கர் வழி. யாருக்குத் தேவையோ அவர்கள் விசிலடிக்க வேண்டும். விசில் கேட்டதும் பிராசஸர் செய்துகொண்டிருக்கும் வேலையை அப்படியே வைத்துவிட்டு, எந்த வரியில் விட்டோம் என்று அடையாளமும் வைத்துவிட்டு, ஓடிப்போய் என்ன ஏது என்று கவனித்துவிட்டு, திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடரும். இந்த விசிலுக்கு இன்டரப்ட் என்று பெயர். குறுக்கீடு என்று தமிழ்ப்படுத்துவார்கள். எனக்கென்னவோ கூப்பிடு மணி என்று சொல்லத்தான் பிடிக்கிறது.

இந்த மணியைப் பார்த்து முதலில் பயந்தவர்களில் ஒருவர் சாதாரண ஆள் இல்லை. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. நெதர்லாந்துக்காரர். 1957-ல் அவர் கல்யாணத்தைப் பதிவு செய்யப் போனபோது, தொழில் என்ன என்று கேட்டார்கள். புரோகிராமர் என்றார். அப்படி ஒரு தொழிலே கிடையாது என்று ஆம்ஸ்டர்டாம் நகராட்சிக்காரர்கள் மறுத்து, கடைசியில் 'கோட்பாட்டு இயற்பியலாளர்' என்று எழுதிக்கொண்டார்களாம். அவரே பிற்பாடு ஒரு பேருரையில் சொன்ன கதை.

அந்தக் காலகட்டத்தில்தான் எலக்ட்ராலஜிகா எக்ஸ்-1 என்ற கம்ப்யூட்டரை வடிவமைத்துக்கொண்டிருந்த சகாக்கள் இருவர் அவரிடம் இன்டரப்ட் யோசனையோடு வந்தார்கள். மனிதர் ஆடிப்போய்விட்டார். அதுவரை அவர் பார்த்த இயந்திரங்கள் எல்லாம் ஒரே வேலையைக் கொடுத்தால் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். தப்பு வந்தால் மறுபடி ஓடவிட்டுப் பிடித்துவிடலாம். எந்த நேரத்தில் மணி அடிக்கும் என்றே தெரியாத இயந்திரத்தில் இன்றைக்கு வந்த தப்பு நாளைக்கு வராது. வராத தப்பை எப்படிப் பிடிப்பது? மூன்று மாதம் பிடிகொடுக்காமல் இருந்தார். பிறகு சகாக்கள் தாஜா செய்து சம்மதிக்க வைத்தார்கள். 1959-ல் அதே சமாசாரத்தை வைத்துத்தான் டாக்டர் பட்டமும் வாங்கினார். பயந்தவர் ஒழுங்காகப் பயந்தால் இப்படி ஒரு லாபம் உண்டு.

அவர் பயந்தது நியாயம்தான் என்று நம் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் நிரூபித்தன.

1981-ல் ஐ.பி.எம். தன்னுடைய பி.சி.யை வெளியிட்டபோது அதில் எட்டு மணிகள்தான் வைத்தது. ஐ.ஆர்.க்யூ. 0 முதல் 7 வரை. பூஜ்யம் கடிகாரத்துக்கு. ஒன்று கீபோர்டுக்கு. ஆறு ஃப்ளாப்பிக்கு. ஏழு பிரின்டருக்கு. 1984-ல் வந்த ஏ.டி. மாடலில் இன்னொரு எட்டைச் சேர்த்தார்கள். எட்டும் எட்டும் பதினாறு என்று நீங்களும் நானும் சொல்வோம். ஆனால் இரண்டாவது எட்டின் மணிச்சத்தம் முதல் எட்டில் ஒரு மணி வழியாகத்தான் உள்ளே போகவேண்டும் என்பதால் ஒன்று கழிந்துபோய் மிச்சம் பதினைந்து.

பதினைந்து மணி எந்த மூலைக்கு? சவுண்ட் கார்டு வந்தது, மோடம் வந்தது, நெட்வொர்க் கார்டு வந்தது. எல்லோருக்கும் மணி வேண்டும். அந்தக் காலத்து ஐ.எஸ்.ஏ. கார்டுகளில் ஒரு மணியை இரண்டு பேர் பங்குபோட்டுக்கொள்ள முடியாது. ஆரம்பகால சவுண்ட் பிளாஸ்டர் கார்டு ஏழாம் எண்ணைக் கேட்கும். பிரின்டரும் ஏழு. அதற்காகக் கார்டைக் கழற்றி, கடுகு சைஸுக்கு இருக்கும் ஜம்பரைப் பிடுங்கி வேறு இடத்தில் மாட்டுவார்கள். இதைத்தான் ஐ.ஆர்.க்யூ. கான்ஃப்ளிக்ட் என்றார்கள். வாய்க்கால் தகராறு மாதிரி.

1992-ல் பி.சி.ஐ. வந்தது. ஒரே மணியைப் பல பேர் பங்குபோடலாம் என்று சட்டம் மாறியது. மணி அடித்தால் அந்த லைனில் இருக்கிற ஒவ்வொரு டிரைவரையும் இயங்குதளம் வரிசையாகக் கேட்கும். 'உன் கார்டா கூப்பிட்டது?' ஒவ்வொருவரும் தன் கார்டை எட்டிப் பார்த்துவிட்டு ஆமாம் அல்லது இல்லை என்பார்கள். ஆமாம் என்றவர் போய்க் கவனித்ததும் மணி நின்றுவிடும்.

சரி, எல்லோருமே இல்லை என்று சொல்லிவிட்டால்?

அந்தக் கேள்விக்கான பதில் எனக்கு 2006-ல், எங்கள் அத்தையின் தாலாட்டு வழியாகக் கிடைத்தது.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கும்பகோணத்தில் இருந்தார். எங்கள் குடும்பத்தில் எந்தக் குழந்தைக்குத் தொட்டில் போட்டாலும் அத்தைதான் பாடவேண்டும். நான் உள்பட இருபது இருபத்தைந்து உருப்படிகள் அந்தக் குரலில் தூங்கியிருக்கிறோம். சங்கீதம் கற்றுக்கொண்டவர் இல்லை. ஆனால் குரலைக் கொஞ்சம் இறக்கி, இழுத்து, நடுவில் அந்தக் குழந்தையின் மாமன் பெயர்களை எல்லாம் கோத்துவிடுவார். ஒரு குழந்தைக்குப் பாடினது இன்னொரு குழந்தைக்கு வராது.

2004-ல் அத்தைக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தார். பேச்சு போயிற்று. ஒரு சிலேட்டும் பல்பமும்தான் அதற்குப் பிறகு அத்தையின் வாய்.

2006-ல் அத்தையின் பேத்தி பிள்ளையாண்டிருந்தாள். அத்தானுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்து பீரோவைக் குடைந்து ஒரு கேசட்டை எடுத்தார். 1986-ல் யாருக்கோ தொட்டில் போட்டபோது டூ-இன்-ஒன்னில் பதிவு செய்தது. அறுபது நிமிட கேசட். ஒரு பக்கம் முழுக்கக் கல்யாண வீட்டுச் சந்தடி மாதிரி ஏதேதோ. இன்னொரு பக்கத்தில் அத்தை. வேறு பிரதி கிடையாது.

பத்திரமாக கூரியரில் அனுப்பி வைத்தார். 'மாப்ளே, நீதான் கம்ப்யூட்டர் வெச்சிருக்கியே, இதை சி.டி.யா போட்டுக் குடுத்துடு. தொட்டில் போடற அன்னிக்குப் போடணும்.'

கேசட்டைப் பார்த்ததுமே வயிற்றைப் பிசைந்தது. இருபது வருடக் கும்பகோணத்து ஈரம். டேப்பில் ஓரமாக வெள்ளை பூத்திருந்தது. ஒருதரம் ஓட்டினால் பிளேயரின் ஹெட்டில் காவி நிறத்தில் பொடி ஒட்டியது. அந்தப் பொடிதான் அத்தையின் குரல். ஒவ்வொரு தரம் ஓட்டும்போதும் கொஞ்சம் உதிரும். எத்தனை தரம் தாங்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

என்னிடம் இருந்தது ஒரு அசெம்பிள்டு மெஷின். அதில் விண்டோஸும் இருந்தது, லினக்ஸும் இருந்தது. என் மனைவி விண்டோஸில் டேலி போடுவாள். நான் எழுதுவதும் மற்றதும் லினக்ஸில். சாயங்காலம் அவள் வேலை முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்து என் பக்கத்துக்கு மாறிக்கொள்வேன். ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம்.

டேப் பிளேயரிலிருந்து ஒயர் எடுத்து சவுண்ட் கார்டில் சொருகி, ஆடாசிட்டியில் ரெக்கார்ட் பட்டனை அழுத்தினேன். அலையலையாக அத்தையின் குரல் திரையில் வரத் தொடங்கியது. ஏழாவது நிமிடம் அலை நின்றுவிட்டது. மௌஸ் நகரவில்லை. இன்டர்நெட்டும் இல்லை. கீபோர்டு மட்டும் வேலை செய்தது. கறுப்புத் திரைக்குப் போய்ப் பார்த்தால் ஒரு வாசகம்.

'ஐ.ஆர்.க்யூ. 11: நோபடி கேர்ட்.'

யாரும் கண்டுகொள்ளவில்லை! ஒரு இயந்திரம் இப்படிக்கூடப் பேசுமா என்று ஆச்சரியமாக இருந்தது. லினக்ஸுக்கு இந்த வெளிப்படைத்தன்மை உண்டு. பிரின்டர் விசித்திரமாக நடந்துகொண்டால் 'பிரின்டர் தீப்பற்றி எரிகிறது' என்று எழுதுகிற ஜாதி அது. அதற்குக் கீழே மூன்று டிரைவர்களின் பெயர்கள். கடைசியில் 'டிஸேபிளிங் ஐ.ஆர்.க்யூ. 11' என்று தீர்ப்பு.

மறுநாள் ரிச்சி தெருவில் ஒரு கடையில் விசாரித்தேன். கடைக்காரர் யோசிக்கவே இல்லை. 'சவுண்டு, நெட்டு, யு.எஸ்.பி. மூணும் ஒரே நேரத்துல சாவுதா? அப்போ மதர்போர்டு காலி சார். மாத்திடுங்க.' நாலாயிரத்துச் சொச்சம் ஆகும் என்றார். மூன்று பேர் ஒரே சமயத்தில் மயங்கி விழுந்தால் தண்ணீர்த் தொட்டியில்தான் கோளாறு என்கிற தர்க்கம். தப்பு சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சும்மா ஒரு சினிமாப் பாட்டு கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். ஒரு மணி நேரம் ஜம்மென்று ஓடியது. சரி, சனி விலகிவிட்டது என்று திங்கட்கிழமை சாயங்காலம் அத்தையை மறுபடி போட்டேன். நாலாவது நிமிடம் போன் அடித்தது. அத்தான். 'என்ன மாப்ளே, சி.டி. ரெடியா?' திரும்பி வந்து பார்த்தால் அலை நின்றிருந்தது. அதே வாசகம். கண்டுகொள்ளவில்லை.

டைக்ஸ்ட்ரா பயந்தது இதற்குத்தான். திங்கட்கிழமை வருகிற தப்பு ஞாயிற்றுக்கிழமை வராது.

எங்கள் ஆபீஸில் சிஸ்டம் பார்க்கிற தம்பி ஒருவர் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். மதர்போர்டு என்றதும் சிரித்தார். 'அவசரப்படாதீங்க சார். அந்த கேசட்டை எடுத்து உள்ள வைங்க. இனிமே அதைப் போட்டு டெஸ்ட் பண்ண வேணாம். வீட்டுக்குப் போய் ஸ்லாஷ் ப்ராக் ஸ்லாஷ் இன்டரப்ட்ஸ்னு ஒரு ஃபைல் இருக்கும், அதைத் திறந்து எனக்குப் படிங்க.'

அன்று ராத்திரி அந்த ஃபைலைத் திறந்தவன் அசந்துபோனேன். நான் பி.காம். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, ஆனால் பேரேடு தெரியும். இது அசல் பேரேடு! இடது ஓரத்தில் மணியின் எண். அடுத்த பத்தியில் இந்த மெஷினை ஆன் செய்ததிலிருந்து அந்த மணி எத்தனை தரம் அடித்தது என்ற கணக்கு. வலது ஓரத்தில் யார் பெயரில் வரவு. கடிகாரத்தின் கணக்கு விநாடிக்கு நூற்றுக்கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. கீபோர்டின் கணக்கு நான் ஒரு எழுத்தைத் தட்டினால் ஏறியது. பதினொன்றாம் எண்ணுக்கு எதிரில் மூன்று பெயர்கள், கமா போட்டு. யு.எஸ்.பி., நெட்வொர்க் கார்டு, சவுண்ட் கார்டு.

அதாவது மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே மணி. அந்த மணியை அறுத்தால் மூன்று பேரும் ஒன்றாகத்தான் ஊமையாவார்கள். போர்டில் கோளாறே இல்லை.

மணியை ஏன் அறுக்கவேண்டும்? தம்பி போனில் விளக்கினார். பி.சி.ஐ. மணி, பட்டனில் விரலை வைத்து அழுத்திக்கொண்டே நிற்கிற விருந்தாளி மாதிரி. யாராவது வந்து கவனிக்கிற வரைக்கும் விரலை எடுக்காது. மூன்று டிரைவர்களும் தங்கள் கார்டைப் பார்த்துவிட்டு 'நான் இல்லை' என்கிறார்கள். மணி நிற்கவில்லை. மறுபடி கேட்கிறது. மறுபடி நான் இல்லை. பிராசஸர் இதைத் தவிர வேறு வேலை பார்க்க முடியாமல் மாட்டிக்கொள்கிறது. லினக்ஸ் பொறுமையாக எண்ணிக்கொண்டே வரும். ஒரு லட்சம் தரம் அடித்ததில் 99,900 தரத்துக்கு மேல் யாருமே பொறுப்பேற்கவில்லை என்றால், யாரும் கண்டுகொள்ளவில்லை என்று எழுதிவைத்துவிட்டு ஒயரைத் துண்டித்துவிடும். ஒரு லட்சம் என்றதும் மலைக்காதீர்கள். அது கண் மூடித் திறப்பதற்குள் நடந்து முடிகிற சமாசாரம்.

'அப்ப மூணு பேர்ல யாரோ பொய் சொல்றாங்களா தம்பி?'

'இல்ல சார். மூணு பேரும் உண்மைதான் சொல்றாங்க. நாலாவது ஆள் ஒருத்தன் இருக்கான். அவனைத் தேடுங்க.'

இதில்தான் விஷயமே இருக்கிறது. அந்தக் கறுப்புத் திரை மூன்று பெயர்களைக் காட்டுகிறது. பார்க்கிற எவருக்கும் அந்த மூன்று பேர்தான் குற்றவாளிகள் என்று தோன்றும். உண்மையில் அவர்கள் விசாரணைக்கு வந்து நின்றவர்கள். டிரைவர் உள்ளவர்கள்தான் அந்தப் பட்டியலில் வரமுடியும். கேட்டால் பதில் சொல்ல ஆள் இருப்பதால் வருகிறார்கள். மணி அடித்தவனுக்கு டிரைவரே இல்லை. அவன் சார்பில் பேச யாரும் கிடையாது. எனவே அவன் பெயர் பேரேட்டில் ஏறாது.

பேரேட்டில் இல்லாதவனை எப்படிப் பிடிப்பது? இதற்கு நான் காலேஜிலேயே பாடம் படித்திருக்கிறேன். பேங்க் ரெகன்சிலியேஷன்! நம் கேஷ் புக்கை ஒரு கையிலும் பேங்க் பாஸ்புக்கை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக டிக் அடித்துக்கொண்டே வரவேண்டும். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத வரிதான் வில்லங்கம்.

பாஸ்புக் எது? எல்.எஸ்.பி.சி.ஐ. என்று ஒரு கட்டளை உண்டு. கூடவே ஒரு கோடும் 'வி' என்ற எழுத்தும் போட்டால், பி.சி.ஐ. ஸ்லாட்டுகளில் உட்கார்ந்திருக்கிற எல்லோரையும், டிரைவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவரவருக்கு ஒதுக்கிய மணியின் எண்ணோடு ஒப்பிக்கும். டிக் அடித்துக்கொண்டே வந்தேன். பதினொன்று, யு.எஸ்.பி., இருக்கிறது. பதினொன்று, நெட்வொர்க், இருக்கிறது. பதினொன்று, ஆடியோ, இருக்கிறது. பதினொன்று, 'கம்யூனிகேஷன் கன்ட்ரோலர்'. இது யார்?

மோடம்! டயல்-அப் காலத்தில் போட்டது. பிராட்பேண்ட் வந்த பிறகு அதற்கு வேலை இல்லை. ஆனால் வீட்டு டெலிபோனுக்குப் போகிற ஒயர் அந்த கார்டுக்குள் புகுந்து வெளியே வந்துதான் போனுக்குப் போயிற்று. எனவே அது தன் பாட்டுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தது. அது பாதி வேலையை விண்டோஸ் சாஃப்ட்வேரை வைத்துச் செய்கிற மலிவு ரக மோடம். லினக்ஸில் அதற்கு டிரைவர் கிடையாது.

மனைவி எட்டிப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள். 'அதானே பார்த்தேன். போன் வரும்போதெல்லாம்தானேங்க நிக்குது.'

கேசட் இல்லாமல் சோதனை செய்தோம். என் செல்லிலிருந்து வீட்டு நம்பருக்கு அடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. மெஷினை விண்டோஸுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ரீஸ்டார்ட் செய்து லினக்ஸுக்கு வந்து, மறுபடி அடித்தேன். முதல் ரிங் முடிவதற்குள் மௌஸ் செத்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

முழுக் கதையும் இப்போது வெளிச்சம். விண்டோஸ் தன்னுடைய டிரைவரை வைத்து, 'போன் வந்தால் கூப்பிடு' என்று மோடத்துக்கு உத்தரவு போட்டு வைக்கிறது. மெஷினை அணைக்காமல் ரீஸ்டார்ட் மட்டும் செய்யும்போது அந்த உத்தரவு கார்டுக்குள் அப்படியே தங்கிவிடுகிறது. உத்தரவு போட்ட முதலாளி வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். வேலைக்காரனுக்கு அது தெரியாது. போன் வந்ததும் விசுவாசமாக மணி அடிக்கிறான். புதுக் குடித்தனக்காரருக்கு அவன் யாரென்றே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் நேராக லினக்ஸில் தொடங்கினேன், உத்தரவு இல்லை, பாட்டு ஓடியது. அவ்வளவுதான் மர்மம்.

மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மோடம் கார்டைக் கழற்றினேன். போன் ஒயரை நேராகப் போனில் சொருகினேன். மறுபடி விண்டோஸ், ரீஸ்டார்ட், லினக்ஸ், செல்லிலிருந்து பத்துத் தரம் ரிங். அசையவில்லை. செலவு பூஜ்யம்.

அன்று ராத்திரி பதினொரு மணிக்கு அத்தையை மூன்றாம் தரம் போட்டேன். முதல் ஏழு நிமிடத்தில் இரண்டு இடங்களில் குரல் தேய்ந்திருந்தது. முதல் தடவை பதிவான துண்டிலிருந்து அந்த இடங்களை எடுத்து ஒட்டினேன். மிச்சம் முழுசாக வந்தது. இருபத்து மூன்று நிமிடம். ஹெட்டைத் துடைத்த பஞ்சு பழுப்பாக இருந்தது. அதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை, ஒரு நாள் மேஜையிலேயே கிடந்தது.

சி.டி.யை நானே எடுத்துக்கொண்டு கும்பகோணம் போனேன். போனபோது கவனித்தேன், அத்தையின் கட்டிலோரம் ஒரு பித்தளை மணி இருந்தது. பேச முடியாதவருக்குக் கூப்பிட ஒரு வழி வேண்டுமே. ஆனால் அதில் சிக்கல். மணி அடித்தால் கூடத்திலிருக்கிற அத்தான், சமையல்கட்டில் இருக்கிற மனைவி போவாள் என்று நினைப்பார். அவர், ஹாலில்தானே இவர் இருக்கிறார், போவார் என்று நினைப்பார். பேரன் டி.வி. பார்ப்பான். மூன்று பேரும் நல்லவர்கள். மூன்று பேரும் அத்தைமேல் உயிரையே வைத்திருந்தார்கள். மணி மட்டும் அடித்துக்கொண்டே இருக்கும். சிலேட்டில் அத்தை என்னிடம் எழுதிக் காட்டினார். 'மணி கேக்குது. ஆள் வரலை.'

நான் பதினொன்றாம் எண் கதையைச் சொன்னேன். டி.வி. பார்த்துக்கொண்டிருந்த பேரன்தான் சட்டென்று பிடித்துக்கொண்டான். 'ஒரு தட்டுன்னா நானு. ரெண்டுன்னா அம்மா. மூணுன்னா அப்பா. நிறுத்தாம அடிச்சா எல்லாரும்.' அன்றிலிருந்து அப்படித்தான் நடந்தது.

தொட்டில் போட்ட அன்று சி.டி. பாடியது. கூடத்தில் இருந்த பெண்கள் எல்லாம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அத்தை மட்டும் தலையைச் சாய்த்து, ஒரு பரீட்சை அதிகாரி மாதிரி உற்றுக் கேட்டார். முடிந்ததும் சிலேட்டை எடுத்தார். 'சுருதி கொஞ்சம் கம்மி. ஆனா நல்லா இருக்கு.'

பேரன் கண்டுபிடித்த அந்த ஏற்பாட்டுக்குக் கம்ப்யூட்டர் உலகத்தில் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. மெஸேஜ் சிக்னல்டு இன்டரப்ட், சுருக்கமாக எம்.எஸ்.ஐ. 1998-ல் வந்த பி.சி.ஐ. 2.2 விதிகளிலேயே இருக்கிறது. ஒயரை இழுத்து மணி அடிப்பதற்குப் பதிலாக, 'நான் இன்னார், இந்த வேலை' என்று ஒரு சிறு குறிப்பை மெமரியில் எழுதிப்போடுவது. யார் கூப்பிட்டது என்று விசாரணையே வேண்டாம். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ்ஸில் மணிக்கென்று தனி ஒயரே கிடையாது. பிறகு வந்த எம்.எஸ்.ஐ.-எக்ஸ் முறையில் ஒரே கார்டு 2048 மணிகள் வரை வைத்துக்கொள்ளலாம். பதினைந்துக்கு அடித்துக்கொண்ட காலம் மலையேறிவிட்டது.

ஆனால் பழைய மெஷின்கள் மலையேறவில்லை. விண்டோஸ் கைவிட்ட கம்ப்யூட்டர்களை லினக்ஸ் போட்டு மறுபடி உயிர்ப்பிக்கிறவர்கள் இன்றைக்கும் நிறைய இருக்கிறார்கள். அந்த வாசகமும் லினக்ஸின் உள்ளே இன்னும் இருக்கிறது. உங்கள் திரையில் ஒருநாள் அது வந்தால், பதறி பர்ஸை எடுக்காதீர்கள். கோளாறு வந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, அப்போது வீட்டில் வேறு என்ன நடந்தது என்று பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். ஒருமுறை முழுக்க அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, நேராக லினக்ஸில் தொடங்கிப் பாருங்கள். பிறகு பேரேட்டையும் பாஸ்புக்கையும் பக்கத்தில் வைத்து டிக் அடியுங்கள். சந்தேகப்படுகிறவரை மட்டும் கழற்றுங்கள் அல்லது வேறு ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள். ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது குணப்படுத்தியது என்று தெரியாமலே போய்விடும். எதுவும் சரிப்படாவிட்டால் 'ஐ.ஆர்.க்யூ. போல்' என்று ஒரு வார்த்தையைத் தொடக்கத்தில் சேர்த்துப் பார்க்கலாம். யாரும் பொறுப்பேற்காத மணி அடித்தால், அந்த லைனில் இல்லாதவர்களையும் ஒருதரம் விசாரிக்கச் சொல்லும் உத்தரவு அது. கொஞ்சம் வேகம் குறையும். மெஷின் ஓடும்.

கழற்றிய மோடம் கார்டு ரொம்ப நாள் என் மேஜை டிராயரில் இருந்தது. ஆபீஸ் தம்பி ஒருநாள் கேட்டு வாங்கிக்கொண்டு போய், விண்டோஸ் மட்டும் இருந்த ஒரு மெஷினில் ஃபேக்ஸ் அனுப்ப மாட்டினார். ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்ததாம்.

'கெட்டுப் போன கார்டு இல்லையே சார் அது' என்றார். 'அங்க அதுக்குப் பேச ஆள் இல்லை. இங்க இருக்கு.'